மலையிலிருந்து விஎச்எஃப் போட்டி: நீலகிரி, பழனி மலைகளில் ஒரு பருவத்துக்கான முழுமையான வழிகாட்டி

விஎச்எஃப் போட்டி என்றால், 6 மீட்டர், 2 மீட்டர் பேண்டுகளில் (50, 144 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள அலைவரிசைகளில்) குறித்த நேரத்துக்குள் முடிந்த அளவு அமெச்சூர் ரேடியோ நிலையங்களோடு பேசிப் புள்ளி சேர்ப்பது. நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியில் கைக்கருவியை (கையடக்க ரேடியோவை) வைத்துக்கொண்டு நின்றாலே கோவை, ஈரோடு, மைசூர் எல்லாம் கேட்கும். அதனால் "மலை ஏறினால் போதும், போட்டியில் ஜெயித்துவிடலாம்" என்று பல ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) நினைக்கிறார்கள். உயரம் உங்கள் சிக்னலை எட்டுத்திக்கும் கொண்டுபோகும், உண்மைதான். ஆனால் எட்டுத்திக்கிலும் உள்ள எஃப்எம் ஒலிபரப்பு, போலீஸ் வயர்லெஸ், செல் டவர் இரைச்சல் அத்தனையும் அதே உயரத்துக்கு உங்கள் ரிசீவரைத் தேடி வரும். மலையில் போட்டியைத் தீர்மானிப்பது வாட் அல்ல. எந்தச் சரிவில் உட்காருகிறீர்கள், எவ்வளவு தெளிவாகக் கேட்கிறீர்கள் என்ற இரண்டும்தான்.

முதலில் உங்கள் கட்டம்

பெரும்பாலான விஎச்எஃப் போட்டிகளில் சிக்னல் அறிக்கையைவிட முக்கியமானது நான்கு எழுத்துக் கட்டக் குறியீடு. பூமியை 2° தீர்க்கரேகை, 1° அட்சரேகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்த முறை இது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எல்லாம் எம்கே81. கொடைக்கானல் எம்கே80. பெங்களூரும் மைசூரும் எம்கே82, சேலமும் புதுச்சேரியும் எம்கே91, திருச்சி எம்கே90, மதுரை எம்ஜே99, கோழிக்கோடு எம்கே71, கொச்சி எம்ஜே89, சென்னை என்கே03, கொழும்பு எம்ஜே96.

கோவையில் ஒரு சிக்கல் உண்டு. 11° அட்சரேகைக் கோடு நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. காந்திபுரத்தில் இருப்பவர் எம்கே81, உக்கடத்தில் இருப்பவர் எம்கே80. "கோயம்புத்தூர்தானே" என்று நீங்களாகக் கட்டத்தை ஊகித்து எழுதினால் அந்தத் தொடர்பு சரிபார்ப்பில் அடிபடும். எதிர்முனையில் இருப்பவர் சொன்னதை மட்டுமே எழுதுங்கள். அவருக்கே ஐயம் இருந்தால் போன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கட்டத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஜூலையில் நடக்கும் சிக்யூ உலக விஎச்எஃப் போட்டியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் பேண்டில் ஒரு தொடர்புக்கு 1 புள்ளி, 2 மீட்டரில் 2 புள்ளி. மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு பேண்டிலும் பிடித்த கட்டங்களின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். 2 மீட்டரில் 40 தொடர்பு, 9 கட்டம்; 6 மீட்டரில் 15 தொடர்பு, 6 கட்டம் என்றால் 95 × 15 = 1425. இன்னொரு கோவைக்காரரை 2 மீட்டரில் பிடித்தால் கூடுவது 30. அதே நேரத்தில் புதுக் கட்டத்திலிருந்து ஒருவரைப் பிடித்தால் 97 × 16 = 1552, அதாவது கூடுவது 127. எனவே கோவைப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி வைத்து மணிக்கணக்கில் உட்காருவது லாபமில்லை. பிரிவுகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. புறப்படும் முன் அந்த ஆண்டின் விதித்தாளைப் படியுங்கள். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழித் தொடர்பு அநேகமாக எந்தப் போட்டியிலும் செல்லாது. அமெரிக்கப் போட்டிகளின் விதித்தாளில் 146 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை பேச்சு வரும். நமக்கு அனுமதி 144 முதல் 146 வரைதான்.

பருவம்: எந்த மாதம், எந்த மலை

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு, காற்று குறைவு. 2 மீட்டர் பேண்டில் உள்ளூர்ப் போட்டிகளுக்கும் களப்பயிற்சிக்கும் இதுதான் காலம். ஊட்டியில் ஜனவரி விடியலில் உறைபனி விழும், பேட்டரி விஷயத்தில் அதைக் கணக்கில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி. அந்த நாட்களில் மதியம் 1 மணிக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடும்படி திட்டமிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் நினைத்தே பார்க்க வேண்டாம். கோத்தகிரியும் குன்னூரின் கிழக்குச் சரிவும் மழை மறைவில் இருப்பதால் ஓரளவு தாங்கும். பழனி மலையும் அப்படியே. ஜூலைப் போட்டிக்கு எங்கள் முதல் தேர்வு கொடைக்கானலின் தென்கிழக்குச் சரிவு, அடுத்தது கோத்தகிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மூன்றையும் அடிக்கும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண்சரிவு விழும் மாதங்களும் இவைதான்.

6 மீட்டர் பேண்டுக்கு வேறு நாட்காட்டி. மே முதல் ஆகஸ்ட் வரை அயனிமண்டலத்தின் ஈ அடுக்கில் திட்டுத்திட்டாக அடர்த்தி கூடி, 50 மெகாஹெர்ட்ஸ் திடீரென்று பல ஆயிரம் கிலோமீட்டர் திறக்கும், திடீரென்று மூடும். அதற்கு மலை உச்சி அவசியமே இல்லை. வீட்டு மாடியில் 2.84 மீட்டர் நீள டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா) கட்டி 50.313 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (கணினி வழி டிஜிட்டல் முறை) கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

இடத்தேர்வு

ரேடியோ அடிவானத்தின் கணக்கு எளிது: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். தொட்டபெட்டா 2637 மீட்டர், அடிவானம் ஏறக்குறைய 211 கி.மீ. 1850 மீட்டர் குன்னூருக்கு 177 கி.மீ. எதிர்முனையில் 20 மீட்டர் உயர ஆன்டெனா இருந்தால் இன்னொரு 18 கி.மீ. கூடும். 800 மீட்டர் கூடுதலாக ஏறிக் கிடைப்பது 34 கி.மீ. மட்டும். எனவே உச்சிக்கு ஆசைப்படுவதைவிட, வேண்டிய திசை திறந்திருக்கும் சரிவைத் தேடுங்கள்.

ஊட்டி நகரம் கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஏரிப் பக்கத்திலிருந்து சமவெளி கேட்காது. லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் பக்கமுள்ள சரிவுகள் மேட்டுப்பாளையம், கோவைக்கு நேர். கோடநாடு பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் கர்நாடக மேட்டுநிலமும் திறக்கும். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் இருக்கும் சரிவு பெரியகுளம், மதுரைக்கு நேர். பூம்பாறையும் மன்னவனூரும் மலைக்குள் ஒதுங்கியவை. அங்கிருந்து மதுரை கேட்காது. கோவை, திருப்பூர் வேண்டுமானால் பழனி செல்லும் சாலையின் வடக்குச் சரிவுக்கு வாருங்கள்.

திசைகளை (வடக்கு 0°, கிழக்கு 90° என்ற கணக்கில்) முன்கூட்டியே தாளில் எழுதி மாஸ்ட்டில், அதாவது ஆன்டெனாக் கம்பத்தில், ஒட்டுங்கள். ஊட்டியிலிருந்து பெங்களூர் 29°, 200 கி.மீ. சென்னை 64°, 428 கி.மீ. மதுரை 137°, கொழும்பு 145°, கொடைக்கானல் 147°, கொச்சி 196°, கோழிக்கோடு 260°. இதில் கவனிக்க வேண்டியது, கொடைக்கானலும் கொழும்பும் கிட்டத்தட்ட ஒரே திசை. பழனி மலை சுவர்போல் குறுக்கே நிற்பதால் இலங்கையைப் பிடிக்க நீலகிரி சரியான இடம் அல்ல. கொடைக்கானலிலிருந்து கொழும்பு 450 கி.மீ., மதுரை 117°, கோவை 326°, திருச்சி 65°. காந்த ஊசிக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே வித்தியாசம் ஓரிரண்டு பாகைதான், திருத்தம் போட வேண்டியதில்லை.

இன்னொன்று பலருக்குப் பிடிபடாமல் போகிறது. தெளிந்த வானம், காற்றில்லாத இரவு, விடியலில் சமவெளியில் பனிமூட்டம் என்றால் அங்கே வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு உருவாகி, 2 மீட்டர் அலைகள் அதற்கடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். இதை டக்டிங் என்கிறோம். அந்த அடுக்கு பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குள் இருக்கும். 2600 மீட்டரில் இருக்கும் நீங்கள் அதற்கு மேலே. சென்னைக்காரரும் திருச்சிக்காரரும் கைக்கெட்டும் தூரம்போல் பேசிக்கொண்டிருக்க, உங்களுக்கு ஒன்றும் கேட்காது. சமவெளி நண்பர்களிடமிருந்து "வெளியூர் எஃப்எம் எல்லாம் ஓங்கிக் கேட்கிறது" என்று தகவல் வந்தால், தயங்காமல் பர்லியார் அல்லது பண்ணைக்காடு பக்கம் இறங்குங்கள். நகரும் நிலையப் பிரிவில் பதிவு செய்திருந்தால் இது விதிக்குள்ளேயே வரும். நிலையான இடத்துக்குப் பதிவு செய்தவர் அப்படி மாற முடியாது.

நகரும் நிலையத்துக்குப் பழனி மலை அடிவாரம் அருமை. 10° அட்சரேகை தேனியை ஒட்டியும், 78° தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டிக் கிழக்கேயும் செல்கின்றன. கொடைக்கானலில் எம்கே80, தேனியைத் தாண்டித் தெற்கே எம்ஜே89, திண்டுக்கல்லைத் தாண்டிக் கிழக்கே எம்கே90 என்று ஒரே நாளில் மூன்று கட்டங்களிலிருந்து அனுப்பலாம்.

அனுமதிகள்

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் மாஸ்ட் நட வேண்டாம். தனியார் எஸ்டேட் நல்ல வழி. மேனேஜரிடம் நேரில் பேசி, தேதியும் நேரமும் எழுதிக் கொடுங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இரண்டுக்கும் அருகில் ஆன்டெனாவைத் தூக்கவே கூடாது. உள்ளூர்க் காவல் நிலையத்தில் உரிம நகலுடன் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மலைமேல் இரவில், பல குச்சிகளோடு ஒரு திசையை நோக்கி நிற்கும் யாகி ஆன்டெனாவைப் பார்ப்பவர் கேள்வி கேட்பது நியாயம்தான், அந்தத் தாள் அப்போது பேசும். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உங்கள் உரிமத்தில் உள்ள வாட் வரம்பும் வேறிடத்திலிருந்து இயக்குவதற்கான நிபந்தனையும் என்ன என்பதைப் புறப்படும் முன் படித்துவிடுங்கள்.

ஆன்டெனா: அளவு நாடாவில் மூன்று எலிமென்ட் யாகி

தையல்காரர் நாடா அல்ல, தச்சரின் 25 மி.மீ. அகல எஃகு அளவு நாடா. காட்டுப் பாதையில் கிளை பட்டால் மடங்கும், விட்டால் நிமிரும். உலகெங்கும் ஹாம்கள் செய்யும் வடிவம் இது. கீழே உள்ளவை 145 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய அளவுகள்.

- ரிஃப்ளெக்டர் (பின்பக்க எலிமென்ட்): 106.2 செ.மீ.
- டிரிவன் எலிமென்ட் (கேபிள் இணையும் நடு எலிமென்ட்): 45.6 செ.மீ. துண்டுகள் இரண்டு, நடுவில் 2.5 செ.மீ. இடைவெளி
- டைரக்டர் (முன்பக்க எலிமென்ட்): 90.2 செ.மீ.
- ரிஃப்ளெக்டருக்கும் டிரிவனுக்கும் 20.5 செ.மீ.; டிரிவனுக்கும் டைரக்டருக்கும் 32.1 செ.மீ.
- ஹேர்பின் (ஆன்டெனாவைக் கேபிளோடு பொருத்தும் வளைவு): 12.7 செ.மீ. தடித்த செம்புக் கம்பி, இரு கால்களுக்கு நடுவே 2 செ.மீ. விட்டு 'ப' போல வளைத்தது

பிவிசி குழாய், இரண்டு கிராஸ், ஒரு டி போதும். நாடாவைக் குழாயோடு ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். டிரிவன் துண்டுகளின் உள்முனையில் பெயின்ட்டை மணல்தாளால் வெறும் எஃகு தெரியும்வரை தேய்த்து, ஈயம் பூசி, ஹேர்பினை இரண்டு துண்டுக்கும் குறுக்கே பற்றவையுங்கள். கோஆக்ஸும் (ரேடியோவிலிருந்து வரும் கேபிள்) அதே இரண்டு புள்ளிகளில். பற்றவைப்பு சரியாகப் பிடிக்காததற்குக் காரணம் எப்போதும் மீந்த பெயின்ட்தான். வெட்டிய முனைகள் கத்திபோல் இருக்கும், வட்டமாக்கி டேப் சுற்றுங்கள்.

நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) வைத்துப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) குறைவான புள்ளி 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் டிரிவன் துண்டுகளை இரு பக்கமும் சமமாக 3 மி.மீ. வெட்டுங்கள். மேலே விழுந்தால் துண்டுகளைச் சற்று வெளியே இழுங்கள். புள்ளி சரி, ஆனால் மதிப்பு 1.5-க்குக் குறையவில்லை என்றால் ஹேர்பினின் கால்களை நெருக்கியும் விரித்தும் பாருங்கள்.

எஃப்எம்முக்கு எலிமென்ட்கள் செங்குத்தாக, எஸ்எஸ்பி (பலவீனமான சிக்னலுக்கு ஏற்ற குரல் முறை) மற்றும் எஃப்டி8-க்குக் கிடைமட்டமாக. மாறி இருந்தால் 20 டெசிபெல் வரை போகும். 50 வாட் அனுப்பியும் எதிர்முனைக்கு அரை வாட்டாகத்தான் படும். நம் பக்கம் 2 மீட்டர் நடமாட்டம் பெரும்பாலும் எஃப்எம் என்பதால், ஒரே யாகி மட்டும் இருந்தால் செங்குத்தாகவே வையுங்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 20 மீட்டர் ஆர்ஜி-58 போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபெல் இழப்பு: 25 வாட், 10 வாட் ஆகிவிடும். ஆர்ஜி-213 என்றால் 17 வாட் போய்ச் சேரும், எல்எம்ஆர்-400 என்றால் 20. வரும் சிக்னலுக்கும் இதே இழப்பு என்பதை மறக்காதீர்கள். பிஎல்-259 கனெக்டர் மழைக்கு ஏற்றதல்ல. சுயமாய் ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே கறுப்பு டேப் போட்டு, ஆன்டெனாவுக்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். மூடுபனி நாளில் எஸ்டபிள்யூஆர் மெல்ல மெல்ல ஏறினால் கனெக்டருக்குள் நீர் இறங்கிவிட்டது என்று பொருள்.

மாஸ்ட்டுக்கு 6 மீட்டர் மூங்கில் அல்லது அலுமினியக் குழாய், 120° இடைவெளியில் மூன்று நைலான் கயிறுகள். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரம் இருந்தால், அனுமதி கேட்டு மாஸ்ட்டை அதனோடு சேர்த்துக் கட்டலாம். ஆணி அடிக்காதீர்கள்.

ரிசீவர் செவிடாவது: முக்கியமான சிக்கல்

கொடைக்கானலில் 100.5 மெகாஹெர்ட்ஸ் கோடை எஃப்எம்மின் கோபுரம் தெரியும் தூரத்தில் ரேடியோவைப் போட்டால், மீட்டர் நிறைய சிக்னல் காட்டும், ஆனால் ஒரு நிலையமும் கேட்காது. அல்லது 2 மீட்டர் பேண்டில் சினிமாப் பாட்டு ஒலிக்கும். ஒலிபரப்பில் குற்றமில்லை. வலுவான சிக்னல் உங்கள் ரிசீவரின் முன்பகுதியை நிரப்பிவிடுகிறது. மலிவான கைக்கருவிகளில் இது மிக மோசம். தொட்டபெட்டாவின் கோபுரக் கூட்டத்துக்கு அருகிலும் இதே நிலை.

கண்டறிய ஒரு வழி: ரேடியோவின் அட்டெனுவேட்டரைப் (வரும் சிக்னலைக் குறைக்கும் வசதி) போடுங்கள். இரைச்சல் குறைந்து பலவீனமான நிலையம் *தெளிந்தால்* சிக்கல் இதுதான்.

தீர்வு இரண்டு கோஆக்ஸ் துண்டுகள். திடமான பாலிஎத்திலீன் உள்ளுறை கொண்ட ஆர்ஜி-58 எடுங்கள். அதன் வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கேபிளுக்குள் அலை ஓடும் வேகம்) 0.66. நுரை உள்ளுறை கேபிளுக்கு இந்த அளவு பொருந்தாது. ஒரு துண்டு 49 செ.மீ., மறுதுண்டு 19 செ.மீ. இரண்டையும் பிஎன்சி டி கனெக்டர்கள் வழியாக ரேடியோவுக்குப் பக்கத்தில், ஆன்டெனா லைனில் ஒரே இடத்தில் இணையுங்கள். மறுமுனைகள் திறந்தபடி இருக்கட்டும், உள்கம்பியும் வலையும் தொடக்கூடாது.

49 செ.மீ. துண்டு 100.5 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம். திறந்த கால் அலைத்துண்டு மறுமுனையில் ஷார்ட் போல நடந்துகொள்ளும், கோடை எஃப்எம் அங்கேயே அடங்கும், 30 டெசிபெல் அளவுக்கு. ஆனால் அந்தத் துண்டு மட்டும் இருந்தால் 145-இல் அது ஒரு காயில்போல் லைனைக் கெடுத்து எஸ்டபிள்யூஆரை ஏற்றும். 19 செ.மீ. துண்டு 145-இல் கெப்பாசிட்டராக நின்று அதை ஈடுகட்டுகிறது. இரண்டும் சேர்ந்து 68 செ.மீ., 145 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக அரை அலைநீளம், எனவே அந்த அலைவரிசையில் இரண்டும் இல்லாததுபோலவே ஆகிவிடும். முதலில் 51, 21 என்று வெட்டி, நானோவிஎன்ஏவில் பார்த்தபடி சிறிது சிறிதாகக் குறையுங்கள். நீளத் துண்டை 100.5-இல் பள்ளம் விழும்வரை, பிறகு குட்டித் துண்டை 145-இல் எஸ்டபிள்யூஆர் இறங்கும்வரை. 50 வாட் அனுப்பும்போதும் கழற்ற வேண்டியதில்லை.

மின்சாரம்

50 வாட் எஃப்எம் கருவி அனுப்பும்போது சுமார் 10 ஆம்பியர், கேட்கும்போது 0.6 ஆம்பியர் எடுக்கும். 6 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அனுப்பினால் 12 + 2.9, அதாவது 15 ஆம்பியர்-மணி. 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி போதும். லெட் ஆசிட் என்றால் பாதிதான் பயன்படுத்தலாம், குறைந்தது 30 ஆம்பியர்-மணி வேண்டும், தூக்குவது சிரமம். உறைபனி விடியலில் லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்தலாம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் செய்யாதீர்கள், செல் நிரந்தரமாகக் கெடும்.

பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போட்டால் அனுப்பும்போது 1.1 வோல்ட் விழும். குரல் உடைகிறது, பட்டனை அழுத்தியதும் கருவி அணைகிறது என்றால் பேட்டரியைக் குறைசொல்லும் முன் ஒயரைப் பாருங்கள். 4 சதுர மி.மீ. போடுங்கள், ஃபியூஸ் பேட்டரி முனையில்.

போட்டி நேரத்தில்

கடிகாரத்தை யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி வையுங்கள். சனி 1800 யுடிசி நமக்கு இரவு 11:30. நள்ளிரவைத் தாண்டியதும் நமக்கு ஞாயிறு, ஆனால் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) காலை 5:30 வரை சனிக்கிழமைத் தேதிதான். இந்த ஒரு பிழையால் மொத்த இரவின் தொடர்புகளும் தள்ளுபடியாகலாம். எஃப்டி8 இயக்குபவர்களுக்கு லேப்டாப் நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். மலையில் நெட் கிடைக்காத இடத்துக்கு யூஎஸ்பி ஜிபிஎஸ் எடுத்துச் செல்லுங்கள்.

முதல் பத்து நிமிடம் அனுப்பாமல் கேளுங்கள். எஃப்எம்மில் இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் அழைத்தால் வலுவானது மட்டும் கேட்கும், மற்றது முழுசாக மறையும். சமவெளியில் ஒருவருக்கொருவர் கேட்காதவர்கள் இருவருமே உங்களுக்குக் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு தொடர்புக்குப் பிறகும் யாகியை 60° திருப்பி மறுபடி கேளுங்கள். வலுவானவர் பக்கவாட்டில் போனதும் மறைந்திருந்தவர் மேலே வருவார்.

தகவல் பரிமாற்றம் சுருக்கமாக இருக்கட்டும்: "ஐம்பத்தொன்பது, மைக் கிலோ எட்டு ஒன்று." முதலாவது சிக்னல் அறிக்கை, அடுத்தது எம்கே81. அவர் கட்டத்தை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். சரி என்று கேட்ட பிறகே லாகில் எழுதுங்கள். மலையிலிருந்து ஓர் அலைவரிசையில் நீங்கள் சிக்யூ (யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பு) அழைத்துக்கொண்டே இருந்தால் கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்று ஊர்களுக்கும் அது அடைபடும். உள்ளூர் நெட் (ஹாம்களின் கூட்டு உரையாடல்) நடக்கும் அலைவரிசைகளை விட்டு ஒதுங்கி, அரை மணிக்கொருமுறை இடம் மாறுவது மலை நிலையத்தின் கடமை.

வரிசை பற்றி எங்கள் பரிந்துரை: முதல் ஒரு மணி நேரம் பக்கத்து ஊர்கள். அதன்பின் தூரக் கட்டங்களுக்கு முன்கூட்டி நேரம் பேசி வையுங்கள், "7:15-க்குச் சென்னைத் திசை, 7:25-க்குப் பெங்களூர்" என்று. சென்னை அடிவானத்துக்கு அப்பால். எஃப்எம்மில் கிடைப்பது அரிது. இரு முனையிலும் கிடைமட்ட யாகியும் எஸ்எஸ்பியோ எஃப்டி8-ஓ இருந்தால் வாய்ப்பு உண்டு.

இடிச் சத்தம் காதில் விழுந்த கணமே நிறுத்துங்கள். அதற்கு முன்பே ரிசீவரில் படபடவென்று வெடிப்பு கூடிக்கொண்டே வந்தால், அதுவே எச்சரிக்கை. கோஆக்ஸைக் கழற்றி மாஸ்ட்டிலிருந்து விலகி வண்டிக்குள் போங்கள். அந்தி சாய்ந்தபின் தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு வரும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள், சாப்பாட்டைத் திறந்து வைக்காதீர்கள், தனியாக ஒருவரை விடாதீர்கள்.

இறங்கிய பிறகு

அன்றிரவே காகித லாகைப் போனில் படமெடுத்து வையுங்கள். என்1எம்எம் போன்ற மென்பொருளில் ஏற்றும்போது மூன்றைப் பாருங்கள்: ஒரே நிலையம் ஒரே பேண்டில் இருமுறை வந்திருக்கிறதா, தேதி யுடிசியா, ஒரே கால் சைனுக்கு (நிலையத்தின் அழைப்புக்குறி) இரு வேறு கட்டங்கள் உள்ளனவா. கடைசியாகச் சொன்னது நகரும் நிலையமாக இருந்தால் சரிதான், இல்லையென்றால் பிழை. விதித்தாளில் உள்ள கெடுவுக்குள் கேப்ரில்லோ (போட்டி லாகுக்கான கோப்பு) வடிவில் அனுப்புங்கள். குறைவான தொடர்பு என்று அனுப்பாமல் விடாதீர்கள். உங்கள் லாக் இருந்தால்தான் உங்களோடு பேசிய சமவெளி நண்பர்களின் தொடர்பும் சரிபார்க்கப்படும்.

ஈரக் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டால் அடுத்த போட்டிக்குள் வலை பச்சை பூத்துவிடும். கனெக்டர் டேப்பை அறுத்தெடுத்து, இரண்டு நாள் நிழலில் தொங்கவிடுங்கள். நாடா எலிமென்ட்களைத் துடைத்து, வெட்டு முனைகளிலும் பற்றவைத்த இடங்களிலும் மெல்லியதாக வார்னிஷ் பூசி வையுங்கள்.